எங்கள் சொசைட்டி குரூப்பில் பேசாதவர்கள்

"குரூப்பிலேயே எல்லாம் முடிவாகிவிட்டதே, இனி மீட்டிங் எதற்கு?" எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடிக்காரர் ஒருவர் படிக்கட்டில் நின்றபடி இப்படிக் கேட்டார். நல்ல மனிதர். மழைக்காலத்தில் மொட்டை மாடித் தார்ப்பாய் கிழிந்தால் முதல் ஆளாக ஏறிக் கட்டுகிறவர். யாரையும் ஓரங்கட்டும் எண்ணத்தில் கேட்கவில்லை, அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. வாட்ஸ்ஆப்பில் போல், அதாவது ஓட்டெடுப்பு, போட்டாயிற்று, பெரும்பாலோர் ஒரே பில்டரைத் தேர்ந்தெடுத்தாயிற்று, கீழே கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தாயிற்று, எல்லாரும் பார்த்துவிட்டதாக நீல டிக்கும் காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதையே மறுபடி பேச என்ன இருக்கிறது? சட்டப்படி மீட்டிங் வேண்டும் என்று பதில் சொன்னேன். அது சரியான பதில்தான். ஆனால் சட்டத்துக்காக மட்டும்தானா என்ற கேள்வி அதற்கப்புறம் என்னை விடவேயில்லை.

எங்களுடையது மும்பை செம்பூரில் எழுபதுகளில் எழுந்த சொசைட்டி, வீட்டுக்காரர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு வீட்டுச் சங்கம். தரைத்தளமும் மூன்று மாடியும், லிஃப்ட் கிடையாது. பாதிக்கு மேல் தமிழரும் மலையாளிகளும். மீதி மராத்திக் குடும்பங்கள், சிந்திகள், இரண்டு குஜராத்தி வீடுகள். ட்ராம்பேயிலும் மாஹுலிலும் தொழிற்சாலைகள் வளர்ந்த காலத்தில் வேலைக்கு வந்து, கடன் வாங்கி வீடு வாங்கியவர்களின் தலைமுறை இது. இப்போது பால்கனிச் சிமென்ட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. முப்பது வருடம் தாண்டிய கட்டடங்களுக்குக் கட்டாயமான ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது கட்டட உறுதிச் சோதனை, எங்களுக்கும் நடந்தது. அறிக்கை நல்லதாக வரவில்லை. அப்புறம் என்ன, ரீடெவலப்மென்ட்தான். மும்பையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பில்டர் பழையதை இடிப்பார், எங்களுக்குக் கொஞ்சம் பெரிய வீடு தருவார், மேலே தனக்காக நிறைய வீடு கட்டி விற்பார். கட்டி முடிக்கும்வரை நாங்கள் வெளியே வாடகைக்கு இருப்போம், அந்த வாடகையை அவர் தருவார். எல்லாம் அந்த 'தருவார்' மேல்தான் நிற்கிறது.

மழை நாளில் கைகொடுத்தது

இந்தக் கருவிகளைக் குறை சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது இந்த ஊரில் இருந்தவன் நான். செல்போன்கள் செத்துவிட்டன. குர்லா பக்கம் வேலைக்குப் போன அப்பா எங்கே இருக்கிறார் என்று இரவு முழுக்கத் தெரியாது. தண்டவாளத்தோடு நடந்து வருகிறவர்களிடம் ஒவ்வொருவராக விசாரித்தோம். 'சயானில் கழுத்தளவு தண்ணீர்' என்று ஒருவர், 'சூனாபட்டியில் பஸ்ஸே முழுகிவிட்டது' என்று இன்னொருவர். எது எந்த நேரத்துச் செய்தி, எது கேள்விப்பட்டது, எது கண்ணால் பார்த்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. அம்மா வாசலிலேயே நின்றாள். அப்பா மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார்.

2017 ஆகஸ்ட் 29 அன்று மறுபடி அதே மாதிரி ஊர் முழுகியது. கணபதி விழா நடந்துகொண்டிருந்த வாரம். இந்த முறை கையில் போன் இருந்தது, போன் வேலையும் செய்தது. எந்தக் குருத்வாரா திறந்திருக்கிறது, எந்தப் பந்தலில் சாப்பாடு கிடைக்கும், யார் வீட்டில் இரண்டு பேர் தங்கலாம் என்று முன்பின் தெரியாதவர்கள் பட்டியல் போட்டுப் பகிர்ந்தார்கள். தாதரில் மாட்டிக்கொண்ட என் தங்கை அப்படி ஒரு வீட்டில்தான் இரவைக் கழித்தாள். கொரோனா இரண்டாவது அலை அடித்த 2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் இது உயிர் காத்தது. மாநகராட்சி 24 வார்டுகளிலும் நோயாளிக்குப் படுக்கை பார்த்துத் தரும் வார் ரூம் வைத்திருந்தது. அதன் எண் பிஸியாக இருக்கும்போது, குரூப்பில் யாராவது 'இப்போதுதான் பேசினேன், ஆக்சிஜன் படுக்கை இருக்கிறது' என்று நேரத்தோடு எழுதுவார்கள். கால் மணி நேரத்தில் இன்னொருவர் 'இப்போது இல்லை' என்று திருத்துவார். எந்தத் தலைவரும் இல்லை, கூலி இல்லை, யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. அந்த ஒழுங்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

தினசரி வாழ்க்கையிலும் அப்படித்தான். ஹார்பர் லைனில் வண்டி நின்றால் ரயில்வே அறிவிப்பு வரும் முன்னே எம்-இண்டிகேட்டர் என்ற ரயில் நேரச் செயலியின் சாட்டில் யாராவது எழுதிவிடுகிறார்கள்: மான்குர்ட் தாண்டி நிற்கிறது, பனியன் பிழியலாம் போலக் கூட்டம், அடுத்ததைப் பாருங்கள் என்று. ஒரே வண்டியில், ஒரே பெட்டியில் போகிறவர்களுக்கு இப்போது தனிக் குரூப்பே இருக்கிறது. யார் இடம் பிடிக்கிறார்கள், யார் இன்றைக்கு வரவில்லை எல்லாம் அதில் வந்துவிடும்.

இந்த உதாரணங்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இவை எல்லாவற்றிலும் என்ன வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. மழையில் மாட்டியவருக்குக் கூரை வேண்டும், மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்சிஜன் வேண்டும். நோக்கம் ஒன்றாக இருக்கும்போது, மிச்சமிருப்பது யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தேவை என்று இணைப்பது மட்டும்தான். அதை இந்தக் கருவிகள் போல வேறு எதுவும் செய்ததில்லை. எங்கள் சொசைட்டி இறங்கியது வேறு வகை வேலையில். இருப்பதிலேயே பெரிய சொத்தை ஒரு அந்நியரிடம் ஒப்படைக்கப் போகிறோம், அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு பயம். இங்கே நோக்கமே இன்னும் பேசித் தீரவில்லை. மழை நாளில் பழகிய வேகத்தை நாங்கள் அப்படியே இதற்கும் கொண்டுவந்துவிட்டோம்.

வாயில் ஐந்து மொழி, குரூப்பில் ஒன்று

எங்கள் கட்டடத்தில் எல்லாரும் எல்லாரிடமும் பேசுவார்கள். மொழி ஒரு தடையாக இருந்து நான் பார்த்ததே இல்லை. சிந்திப் பெரியவர் காய்கறிக்காரரிடம் மராத்தியில் பேரம் பேசுவார், கீழ்வீட்டு மலையாளி அக்காவிடம் 'சுகமானோ' என்பார். தமிழ்ப் பெண்கள் பேசும் பம்பாய் இந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் எப்படியோ வரும், ஆனால் சொல்ல வந்ததில் ஒரு சொல் மிச்சமிருக்காது. ஐம்பது வருடமாக இந்த ஊர் இப்படித்தான் காரியம் நடத்துகிறது.

ஆனால் அதே மக்கள் குரூப்பில் எழுதும்போது மொழி ஒன்றாகிவிடுகிறது. எங்கள் சொசைட்டி குரூப்பில் வருவது இங்கிலீஷ். நடுநடுவே ரோமன் எழுத்தில் இந்தி. யாரும் இப்படி விதி போடவில்லை. செக்ரட்டரிக்கு அது வசதி, ரீடெவலப்மென்டுக்கு ஆலோசனை சொல்ல வைத்திருக்கும் கன்சல்டன்ட் அனுப்பும் பி.டி.எஃப். அதில்தான் இருக்கிறது, பதில் போடுகிறவர்களும் அதிலேயே போடுகிறார்கள். ஐந்து மொழியில் வாய் நிறையப் பேசத் தெரிந்த ஒருவர், இங்கிலீஷ் எழுத வராது என்ற ஒரே காரணத்தால் அங்கே ஊமையாகிவிடுகிறார். இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களைப் பற்றிப் பேசுகிறோம், போன் இல்லாதவர்களைப் பற்றிப் பேசுகிறோம். கையில் போன் இருந்து, தமிழ்ப் பேப்பரைத் தலைப்பிலிருந்து சினிமா விளம்பரம் வரை ஒரு எழுத்து விடாமல் படிக்கிற ஒருவர் தன் வீட்டைப் பற்றிய பேச்சிலிருந்தே வெளியே நிற்பது யார் கணக்கிலும் வருவதில்லை.

இணையக் குழுக்களில் பெரும்பாலோர் எழுதுவதில்லை என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. யாக்கோப் நீல்சன் என்ற டென்மார்க் நிபுணர் 2006-இலேயே ஒரு கணக்கு சொன்னார்: நூறு பேர் இருந்தால் 90 பேர் பார்ப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், பெரும்பகுதியை எழுதுகிறவர் ஒரே ஒருவர். எங்கள் குரூப்பில் அந்த ஒருவருக்குப் பதில் மூன்று நான்கு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொரு ஆய்வு என்னை இதைவிட யோசிக்க வைத்தது. அமெரிக்காவில் அரசாங்கம் மக்களின் தொலைபேசியைக் கண்காணித்த விவகாரம், அங்கே உளவு வேலை பார்த்த ஸ்னோடன் என்பவர் மூலம் வெளியே வந்தபின், அதைப் பற்றிப் பேசுவீர்களா என்று பியூ ஆய்வு மையம் மக்களைக் கேட்டு, முடிவை 2014-இல் வெளியிட்டது. நேரில் பேசத் தயார் என்றவர்கள் 86 சதவீதம். ஃபேஸ்புக்கிலோ ட்விட்டரிலோ கணக்கு வைத்திருந்தவர்களில், அங்கே எழுதத் தயாராக இருந்தவர்கள் 42 சதவீதம். சுற்றியிருப்பவர்கள் தன் கருத்தை ஏற்க மாட்டார்கள் என்று தோன்றினால் மனிதர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். எழுத்தாக நிற்கப்போகும் இடத்தில் இன்னும் அதிகமாக மூடிக்கொள்கிறார்கள். அங்கே மொழியும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

மூணாவது மாடி ஆச்சி

மூணாவது மாடியில் தனியாக இருக்கும் ஆச்சிக்குத் தூத்துக்குடிப் பக்கம். கணவர் மாஹுலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இறந்து சில வருடம் ஆகிறது. மகன் ஷார்ஜாவில். அவன் வாங்கி அனுப்பிய போனை ஆச்சி ஒரு துணிப்பையில் போட்டுச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். சொசைட்டி குரூப்பில் அவர் எண் இருக்கிறது. போல் போட்ட மறுநாள் மருந்து வாங்கிக்கொடுக்க மேலே போனபோது, எந்த பில்டருக்கு ஆச்சி சரி சொன்னீர்கள் என்று சும்மா கேட்டேன். போனை எடுத்து நீட்டினார். "எய்யா, அதுல எல்லாம் இங்கிலீசுல வருது. நான் என்னத்தக் கண்டேன்? எல்லாரும் கட்டவிரலு போட்டிருந்தாவ. நானும் போட்டேன்."

அவர் கட்டைவிரல் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தேன். செக்ரட்டரி அனுப்பிய பி.டி.எஃப்.க்குக் கீழே விழுந்திருந்தது. அவர் கணக்கில் அதற்கு 'பார்த்தேன்' என்று அர்த்தம். கோயில் குரூப்பில் முருகன் படம் வந்தால் போடுவது போல இங்கேயும் போட்டிருக்கிறார். ஆனால் படிக்கட்டில் அதை எண்ணியவர்கள் சம்மதம் என்று எண்ணினார்கள். அப்புறம் மற்றவர்களிடமும் விசாரித்துப் பார்த்தேன். சிலருக்கு அது சம்மதம். சிலருக்கு 'தகவலுக்கு நன்றி'. கீழ்வீட்டு மலையாளி அக்கா, 'செக்ரட்டரி இவ்வளவு கஷ்டப்படுகிறாரே, பதில் போடாமல் இருந்தால் மரியாதை இல்லை' என்பதற்காகப் போட்டாராம். எல்லாம் திரையில் ஒரே மஞ்சள் விரல்தான்.

அந்த பி.டி.எஃப்.பையும் நான் பொறுமையாக ஒருமுறை படித்தேன். கடைசியில் ஒரு அட்டவணை. வந்த பில்டர்களின் பெயர்கள் மேலே, இடப்பக்கம் வரிசையாகக் கூடுதல் கார்ப்பெட் ஏரியா (சுவருக்குள் புழங்கும் இடம்), கார்ப்பஸ் (பில்டர் தரும் மொத்தத் தொகை), மாத வாடகை, ஷிஃப்டிங் செலவு, பார்க்கிங். குரூப்பில் நடந்த பேச்சு முழுக்க இந்த வரிசைகளுக்குள்ளேயே நடந்தது. யார் அதிக சதுர அடி தருகிறார், யார் அதிகக் கார்ப்பஸ் தருகிறார். அட்டவணையில் இல்லாத ஒரு விஷயம் குரூப்பில் வரவே இல்லை. எழுதுகிறவர்கள் அட்டவணையைப் பார்த்து எழுதினார்கள், எழுதாதவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பந்தலுக்குக் கீழே

மகாராஷ்டிராவில் ரீடெவலப்மென்டுக்கு விதி இருக்கிறது. கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 79ஏ பிரிவின்கீழ் 2009-இல் முதலில் வந்தது, 2019 ஜூலையில் திருத்தி வெளியிட்டார்கள். முன்பு நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் ஒப்ப வேண்டும், இப்போது 51 சதவீதம் போதும். ஆனால் மீட்டிங் என்று ஒன்று நடந்தே ஆகவேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும், பில்டரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் கூட்டுறவுச் சங்கங்களின் ரெஜிஸ்ட்ரார் அனுப்பும் அதிகாரி உட்கார்ந்திருக்க வேண்டும். படிக்கட்டில் கேட்டவருக்கு இதெல்லாம் வெறும் சடங்காகப் பட்டது. எனக்கும் அதில் பாதி சடங்கு என்ற எண்ணம் இருக்கத்தான் செய்தது.

நான் சொல்லப்போவது, அதிகாரி வரும் கூட்டத்துக்கு முந்தைய கூட்டம். காம்பவுண்டில் பந்தல் போட்டிருந்தது. செக்ரட்டரி பேசினார், கன்சல்டன்ட் திரையில் அட்டவணையைக் காட்டினார். பெரும்பாலோர் தேர்ந்தெடுத்த பில்டரின் பெயரைச் சொல்லி, வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்று இந்தியில் கேட்டார். ஆச்சி இரண்டாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மூணு மாடி இறங்கி வந்தவர். எழுந்திருக்காமலே, கையை மட்டும் தூக்கி, கேட்டார்: "பில்டர் பாடா பந்த் கர்தியா தோ ஹம் லோக் கிதர் ஜானே கா?" பில்டர் வாடகையை நிறுத்திவிட்டால் நாங்கள் எங்கே போவது?

கன்சல்டன்ட், அதெல்லாம் அக்ரிமெண்டில் வரும் என்றார். ஆச்சி விடவில்லை. தங்கை மகள் குடும்பம் குர்லாவில் இப்படித்தான் வீட்டைக் காலி செய்து கொடுத்தது, கொஞ்ச காலம் வாடகை வந்தது, அப்புறம் நின்றது, பழைய கட்டடமும் இல்லை, புதியதும் எழும்பவில்லை என்று முழுக்கதையையும் தன் இந்தியில் சொன்னார். பேசப் பேசக் கூட்டத்தின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சிந்திப் பெரியவர் திரும்பி, எனக்கும் அதே பயம்தான், சொல்லக் கூச்சமாக இருந்தது என்றார். ஒரு மராத்திப் பெண்மணி கோரேகாவ் பத்ரா சால் விவகாரத்தை எடுத்தார். இந்த ஊரில் அந்தப் பெயர் சொன்னால் போதும். 2008-இல் மறுசீரமைப்புக்கென்று ஒப்பந்தம் போட்ட 672 குடும்பங்கள், பத்து வருடத்துக்கு மேல் வீடு வராமல் தெருவில் போராடின. அரசின் வீட்டுவசதி வாரிய நிலத்திலேயே அப்படி என்றால் நம் கதி என்ன என்று அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அப்புறம்தான் உண்மையான பேச்சு தொடங்கியது. வழிகாட்டு நெறிகளின்படி பில்டர் திட்டச் செலவில் 20 சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும் என்று கன்சல்டன்ட் சொன்னார். யார் யார் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு பையன் கேட்டான். முதலிடத்தில் இருந்தவரின் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சதுர அடி கொஞ்சம் குறைவாகத் தருகிற இன்னொருவர் உத்தரவாதத்துக்கும் ஒப்புக்கொண்டு, வாடகைக்கும் பின்தேதியிட்ட காசோலைகளை மொத்தமாகத் தருவதாக எழுதியிருந்தார். அவர் பெயர் குரூப்பில் பேச்சிலேயே அடிபடவில்லை. பெயர்கள் எல்லாவற்றையும் நிறுத்திவைத்து, பில்டர்கள் எல்லாரிடமும் உத்தரவாதம் பற்றி எழுத்தில் பதில் வாங்குவது என்று அன்றைக்குத் தீர்மானமானது. கைதூக்கி ஓட்டெடுத்தார்கள். போலில் முதல் பில்டரைத் தேர்ந்தெடுத்த பலரும் கை தூக்கினார்கள்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஆச்சியின் கேள்வி மட்டுமல்ல. சிந்திப் பெரியவருக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதியவர். அவர் ஏன் குரூப்பில் எழுதவில்லை? முப்பது கட்டைவிரலுக்குக் கீழே ஒற்றை ஆளாகப் பயத்தை எழுதிவைக்க அவருக்கு மனம் வரவில்லை. நேரில், பக்கத்து நாற்காலியில் ஒருத்தி தொடங்கிவைத்ததும் அவருக்கு வாய் திறந்தது. குரூப்பில் பேசாமல் இருப்பவர் அங்கே இல்லாத மாதிரிதான். பந்தலில் பேசாமல் இருப்பவரின் முகம் எல்லாருக்கும் தெரிகிறது. முகத்தைப் பார்த்து 'நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று கேட்க ஒரு ஆள் கிடைப்பார். கூட்டமாக ஒரு முடிவெடுப்பதில் பாதி வேலை இந்தக் கேட்டல்தான் என்று நான் இப்போது உறுதியாக நம்புகிறேன். எந்தக் கருவி இதை விழுங்கிவிடுகிறதோ அது வேகத்தைத் தருவதுபோலத் தந்து முடிவையே பலவீனப்படுத்துகிறது. எங்கள் குரூப் ஓட்டெடுப்பின் முடிவைப் பந்தலுக்குக் கீழே ஒரே கேள்வி கலைத்துவிட்டது என்றால், அதற்குள் இருந்தது என்ன சம்மதம்?

குரலில் அனுப்புவது

அன்றைக்கு அப்புறம் குரூப்பை மூடிவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். பி.காம் படிக்கிற ஒரு பெண் எங்கள் கட்டடத்தில் இருக்கிறாள். அவள்தான் வழி கண்டுபிடித்தாள். செக்ரட்டரி எது அனுப்பினாலும், அதில் உள்ளதைத் தமிழிலும் இந்தியிலும் தன் குரலில் பேசிப் பின்னாலேயே அனுப்புகிறாள். மராத்தியில் செக்ரட்டரியின் அம்மா பேசி அனுப்புகிறார். ஆச்சிக்கு மைக் பொத்தானை எப்படி அழுத்திப் பிடிப்பது என்று அவளே சொல்லிக்கொடுத்தாள். இப்போது ஆச்சி குரலிலேயே பதில் போடுகிறார். மூன்று நிமிடம், நான்கு நிமிடம். நடுவில் குக்கர் விசில் கேட்கும், யாரையோ கதவைச் சாத்தச் சொல்வார், அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நீளமாக இருக்கிறது என்று ஒருவர் குறைப்பட்டார். அந்தப் பெண் உடனே, 'அங்கிள், உங்க பி.டி.எஃப். அறுபது பக்கம்' என்று எழுதினாள்.

குரலுக்கும் குறை உண்டு. ஆறு மாதம் கழித்து, பார்க்கிங் பற்றி என்ன பேசினோம் என்று தேடினால் கிடைக்காது. ஒரு குரல் செய்திக்குள் எங்கேயோ புதைந்து கிடக்கும். அதனால் மினிட்ஸ் புத்தகத்தை விட முடியாது. கையால் எழுதி, அடுத்த கூட்டத்தில் படித்துக்காட்டி, உறுதி செய்து கையெழுத்துப் போடுகிற அந்தப் பழைய வழக்கம் எவ்வளவு யோசித்து உண்டாக்கியது என்று இப்போது தெரிகிறது. சொன்னது ஒன்று, எழுதியது வேறு என்றால் எழுந்து நின்று திருத்தலாம். குரூப்பில் அனுப்பியவரே செய்தியை அழித்துவிடலாம். 2021-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, உறுப்பினர் ஒருவர் போடும் செய்திக்கு, அதில் பொதுவான உள்நோக்கம் இல்லாதவரை, குரூப் அட்மின் குற்றவாளி ஆக மாட்டார் என்று சொன்னது. நியாயமான தீர்ப்பு. ஆனால் செக்ரட்டரிக்குச் சட்டப்படி உள்ள பொறுப்பு எதுவும் அட்மினுக்குக் கிடையாது என்பதை அதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் பெரும்பாலும் இருவரும் ஒரே ஆள் என்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. எங்கள் வீடுகளில் கணிசமானவற்றின் உரிமையாளர்கள் இங்கே இல்லை. புனேயில், துபாயில், நியூ ஜெர்சியில் இருக்கிறார்கள், வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். சொசைட்டி விதிகளில் பதிலாளை அனுப்பி ஓட்டுப்போட வழி இல்லை. பவர் ஆஃப் அட்டர்னி வைத்திருந்தாலும் பொதுக்கூட்டத்தில் உட்கார முடியாது. வருடக்கணக்காக அவர்களுக்கு இங்கே வாயே இல்லாமல் இருந்தது, அதைத் தந்தது குரூப்தான். அது நியாயம். ஆனால் அவர்களுக்குக் கட்டடம் இடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதில்லை, வாடகை நின்றால் வருமானம்தான் போகும். ஆச்சிக்குப் போவது தலைக்கு மேலுள்ள கூரை. போலில் இரண்டு பேருக்கும் ஒரே அளவு எடை. குரூப்பில் சுறுசுறுப்பாக எழுதியவர்களில் பாதிப் பேர் வெளியே இருப்பவர்கள் என்பதை நான் பின்னால்தான் கவனித்தேன். சொத்தில் பங்கு சமம் என்றால் பேச்சிலும் சமம்தான் என்று அவர்கள் சொன்னால் மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. அங்கே குடியிருக்கிறவர் சொல்வதை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் எண்ணலாமே என்பது மட்டும்தான் என் கோரிக்கை.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு 14 நாள் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. இந்த முறை நான்கு மொழியில், படிக்கட்டுத் திருப்பத்தில். நான் இரண்டு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மீட்டிங்கில் பேசி முடிக்கும் முன்னே குரூப்பில் போல் போடக் கூடாது என்பது ஒன்று. பில்டர் விஷயத்தில் எந்த ஓட்டெடுப்புக்கும் முன்னால் கட்டடத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு உறுப்பினரிடமும், பேச விருப்பமா இல்லையா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதை எதிர்ப்பேன் என்று புனே உரிமையாளர் ஒருவர் குரூப்பிலேயே எழுதிவிட்டார். வெளியே இருக்கிறவர்களை இரண்டாந்தரம் ஆக்குகிறீர்கள் என்பது அவர் வாதம், அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நான் அங்கே பதில் எழுதவில்லை. போன் செய்து, நேரில் வந்து சொல்லுங்கள் சார், எல்லாரும் கேட்கட்டும் என்றேன். காலை வண்டியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.